கண்ணாடியில் விழாத பிள்ளை: யார் பிழை என்ற பழைய வழக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்னர் எங்கள் பாடசாலைக் கேட்டடியில் நடந்ததை ஊரில் தெரியாதவர்கள் இல்லை. பாடசாலை விட்ட நேரம். பிள்ளைகளை ஏற்றிய வேன் ஒன்று திரும்புவதற்காகப் பின்னுக்கு வந்தது. உருண்டு போன தண்ணீர்ப் போத்தலை எடுக்க தரம் 2 பிள்ளை ஒன்று வேனுக்குப் பின்னால் குனிந்தது. கால் எலும்பு முறிந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், உயிருக்கு ஒன்றுமில்லை. பிள்ளை வீட்டில் இருக்கிறது, பாடக் கொப்பிகளை வீட்டுக்கே அனுப்புகிறோம்.

அன்று பின்னேரமே வட்ஸ்அப் குழுக்களில் வழக்கு விசாரணை தொடங்கிவிட்டது. ஒரு பக்கம், சாரதியின் லைசனைப் பறித்து உள்ளே போட வேண்டும் என்றது. இன்னொரு பக்கம், உம்மாமார் போனைப் பார்த்துக்கொண்டு நின்றால் இப்படித்தான் நடக்கும் என்றது. மூன்றாவது பக்கம், டீச்சர்மாரும் சேர்மாரும் அந்த நேரம் என்ன செய்தார்கள் என்று கேட்டது. மூன்றாவது கேள்வி எங்களைப் பற்றியது. அதற்குப் பதில் இருக்கிறது, ஒளிக்கப் போவதில்லை, கடைசியில் வருகிறோம்.

மூன்றாம் நாள் அந்த வேன்காரத் தம்பி ஆசிரியர் அறைக்கு வந்தார். கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை. "சேர், நான் கண்ணாடியப் பாத்துத்தான் எடுத்த. அல்லாஹ்மேல சத்தியமா பாத்தன். புள்ள கண்ணாடியில இல்ல" என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. எங்களில் இரண்டு பேர் வரலாறு படிப்பிக்கிறவர்கள். பார்த்தும் தெரியாமல் போனால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு ஆட்கள் முன்னர் என்ன பதில் சொல்லியிருக்கிறார்கள் என்று தேடிப் பார்க்கலாம் என நினைத்தோம். தேடப் போனால் அது மோட்டார் வாகனத்தைவிடப் பல நூறு வருடம் பழைய கேள்வி.

நமது கிதாபுகளிலேயே இருக்கிறது. பர்கானா பள்ளத்தாக்கைச் சேர்ந்த, 1197இல் காலமான இமாம் மர்கீனானீ எழுதிய ஹிதாயாவில், மிருகங்களால் ஏற்படும் சேதம் பற்றி ஒரு பகுதி உண்டு. வீதியில் குதிரையிலோ கழுதையிலோ போகிறவரின் மிருகம் ஒருவரை மிதித்தால், தலையால் முட்டினால், கடித்தால் ஓட்டுபவர் பொறுப்பு. ஆனால் நடந்துகொண்டிருக்கும்போது பின்னங்காலால் உதைத்தாலோ வாலால் அடித்தாலோ பொறுப்பில்லை. பொது வீதியில் போவது எல்லோருக்கும் உள்ள உரிமை. ஆனால் தவிர்க்கக்கூடிய தீங்கைத் தவிர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வரும் உரிமை. முன்னால் போகிறவரால் பின்னங்கால் உதையைத் தவிர்க்க முடியாது என்பது அவர்களுடைய நியாயம். அதே ஆள் மிருகத்தை வீதியில் நிறுத்தி வைத்திருந்தால், உதைக்கும் அவரே பொறுப்பு. போகாமல் இருக்க முடியாது, நிறுத்தாமல் இருக்க முடியும்தானே.

இதற்கு அடுத்ததுதான் எங்களை நிமிர்ந்து இருக்க வைத்தது. மிருகத்தை முன்னால் நின்று கயிற்றில் இழுத்துப் போகிறவர் ஒருவர், பின்னால் நின்று விரட்டிப் போகிறவர் இன்னொருவர். பின்னங்கால் உதைத்தால் யார் பொறுப்பு? ஒரு கருத்தின்படி, பின்னால் நிற்பவர் பொறுப்பு, முன்னால் நிற்பவர் பொறுப்பில்லை. காரணம், பின்னங்கால் ஒருவருடைய கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, மற்றவருடைய பார்வைக்கு மறைவில் இருக்கிறது. ஹனபி அறிஞர்களில் பலர் இதையும் ஏற்கவில்லை. பின்னால் நிற்பவர் கண்டாலும் அந்தக் காலைப் பிடித்து நிறுத்த அவரிடம் என்ன இருக்கிறது, காலில் கடிவாளம் இல்லையே என்றார்கள். காண்பது வேறு, தடுக்கக்கூடியதாக இருப்பது வேறு என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். இமாம் ஷாபிஈயின் கருத்து என அதே நூல் சொல்வது வேறு: ஓட்டுபவர், இழுப்பவர், விரட்டுபவர் எல்லோருமே உதைக்குப் பொறுப்பு, மிருகம் அவர்கள் கையில் இருப்பதால் அதன் செயல் அவர்களையே சேரும். நம் ஊர்களில் பெரும்பாலானோர் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். வட்ஸ்அப்பில் நடந்த சண்டையை இமாம்கள் எப்போதோ நடத்தி முடித்திருக்கிறார்கள், நம்மைவிட மரியாதையாக. (நாங்கள் மௌலவிமார் இல்லை. பத்வா சொல்லவில்லை, வரலாறு சொல்கிறோம். மார்க்கத் தீர்ப்பு வேண்டுமென்றால் உரியவர்களிடம் கேளுங்கள்.)

இங்கிலாந்து நீதிமன்றங்களும் இதே கேள்வியோடு நீண்ட காலம் மல்லுக்கட்டின. 1809இல் ஒரு வழக்கு. டேர்பி நகரில் வீட்டு வேலைக்காக ஒருவர் வீதிக்குக் குறுக்கே கம்பம் போட்டிருந்தார். மாலை மங்கும் நேரம் ஒருவர் குதிரையில் கடும் வேகமாக வந்து மோதி விழுந்தார். கம்பம் போட்டது பிழைதான், ஆனால் கவனமாக வந்திருந்தால் கண்டிருப்பாய் என்று சொல்லி நீதிமன்றம் ஒரு சதமும் கொடுக்கவில்லை. பாதிக்கப்பட்டவரிடம் கொஞ்சம் பிழை இருந்தால் முழு வழக்கும் போய்விடும். 1842இல் இன்னொரு வழக்கு. ஒருவர் தன் கழுதையின் முன்னங்கால்களைக் கட்டி வீதியோரம் மேய விட்டிருந்தார். மூன்று குதிரை பூட்டிய வண்டி வேகமாக வந்து அதை ஏற்றிக் கொன்றது. கழுதையை அப்படி விட்டது பிழையாகவே இருந்தாலும், கடைசியில் தவிர்க்கக்கூடிய நிலையில் இருந்தவர் வண்டிக்காரர்தான் என்று கழுதைக்காரர் வென்றார். கடைசிச் சந்தர்ப்பம் யார் கையில் இருந்தது என்ற கேள்வி அப்படித்தான் சட்டத்துக்குள் வந்தது. பிழையை ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போடும் முறை இங்கிலாந்தில் 1945இல் சட்டமானது. இலங்கையில் 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. ஆகவே "சாரதி பிழையா, உம்மா பிழையா" என்று ஒரு பக்கத்தைத் தெரிவு செய்யச் சொல்வது 200 வருடம் பழைய முறை. நட்டஈட்டு வழக்கில் நம் நாட்டுச் சட்டமே இரண்டு பக்கத்தையும் நிறுத்துப் பார்க்கிறது.

மோட்டார் வாகனம் வந்த பின் கதை மாறுகிறது. 1896 ஆகஸ்ட் 17ஆம் திகதி லண்டன் கிறிஸ்டல் பெலஸ் வளாகத்தில், காட்சிக்காக ஓட்டப்பட்ட கார் ஒன்று பிரிட்ஜெட் டிரிஸ்கொல் என்ற பெண்ணை மோதிக் கொன்றது. பிரித்தானியாவில் பெற்றோல் காரால் இறந்த முதல் பாதசாரி அவர் என்று சொல்லப்படுகிறது. தீர்ப்பு: தற்செயல் மரணம். இப்படி இனியொருபோதும் நடக்கக்கூடாது என்று மரண விசாரணை அதிகாரி ஆசைப்பட்டாராம்.

அந்தக் காலக் கார்களில் பின்னால் பார்க்கும் கண்ணாடியே இல்லை. 1909இல் டொரதி லெவிட் என்ற பெண் காரோட்டி பெண்களுக்காக எழுதிய புத்தகத்தில், கைக்கண்ணாடி ஒன்றைக் காரில் வைத்திருங்கள், இடைக்கிடை தூக்கிப் பிடித்துப் பின்னால் வருவதைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். முகம் பார்க்கும் கண்ணாடிதான்! இரண்டு வருடம் கழித்து, 1911இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 மைல் ஓட்டப் போட்டி முதன்முதலாக நடந்தது. மற்றவர்கள் பின்னால் வருவதைப் பார்த்துச் சொல்ல ஒரு மெக்கானிக்கையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள். ரே ஹரூன் தனியாக வந்தார். பின்னால் பார்க்க ஆளில்லை, இது ஆபத்து என்று மற்றவர்கள் முறைப்பாடு செய்ய, அவர் ஒரு கண்ணாடியைப் பூட்டினார். போட்டியிலும் வென்றார். ஆனால் செங்கல் பாதையில் கார் குலுங்கிய குலுக்கத்தில் அந்தக் கண்ணாடியில் ஒன்றும் ஒழுங்காகத் தெரியவில்லை என்று பின்னாளில் அவரே சொன்னதாகப் பதிவு இருக்கிறது. பார்த்துச் சொல்ல இருந்த மனிதனை இறக்கிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிய கதை அது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு எல்லாக் காருக்கும் கண்ணாடி வந்தது. கண்ணாடி வந்ததும் பார்க்கும் கடமை முழுக்கச் சாரதியின் தலையில் வந்தது. "பார்க்கவில்லையா?" என்று கேட்டால் முடிந்தது. கண்ணாடியில் எது தெரியும், எது தெரியாது என்று யாரும் அதிகம் கேட்கவில்லை. சாரதிமார் பிளைண்ட் ஸ்பொட் என்று சொல்லும் மறைபகுதி அப்படியே கிடந்தது. 1995இல்தான் ஜோர்ஜ் பிளாட்சர் என்ற பொறியியலாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். பக்கக் கண்ணாடியில் நம் வாகனத்தின் விலா தெரிகிற மாதிரி வைத்தால், உள்கண்ணாடி காட்டுவதையே அதுவும் திரும்பக் காட்டுகிறது, நமக்குப் பக்கத்தில் வருபவன் மறைந்துவிடுகிறான். அவர் சொன்ன வழி நம் நாட்டு வலப்பக்க ஸ்டியரிங்குக்கு இப்படி: தலையை வலது யன்னல் கண்ணாடியோடு சாய்த்துக்கொண்டு, நம் வாகனத்தின் ஓரம் மட்டுமட்டாகத் தெரியும் வரை வலது கண்ணாடியை வெளியே திருப்புங்கள். பிறகு தலையை வாகனத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து இடது கண்ணாடியையும் அப்படியே செய்யுங்கள். கார் வைத்திருப்பவர்கள் நாளைக்கே செய்து பார்க்கலாம். ஆனால் உள்கண்ணாடி வழியே பின்கண்ணாடி திறந்து தெரிந்தால்தான் இது சரிவரும். திரையும் ஸ்டிக்கரும் பாட்டுக்காரர் படமும் ஒட்டிய வேனுக்குச் சரிவராது. வாகனத்துக்கு நேர் பின்னால் நிற்கும் சின்னப் பிள்ளைக்கு எந்த வாகனத்திலும் இது உதவாது.

அந்தப் பிள்ளையின் கதை 2002 ஒக்டோபரில் நியூயோர்க் மாநிலத்தில், லோங் ஐலண்டில் நடந்தது. டொக்டர் கிரெக் குல்பிரான்சன், குழந்தை வைத்தியர். இரவில் தன் பெரிய வாகனத்தைப் பின்னுக்கு எடுத்தார். கண்ணாடிகளைப் பார்த்தார், திரும்பியும் பார்த்தார். பின்னால் வந்துவிட்ட தன் இரண்டு வயது மகன் கமரனைக் காணவில்லை. பிள்ளை இறந்தது.

குழந்தைகளைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட, கவனமான ஒரு வாப்பா. அவரையும் கவனமில்லாதவர் என்று சொல்லி முடித்துவிடலாமா? அவர் ஒளிந்துகொள்ளவில்லை. தன் கையால் நடந்ததை நாடறியச் சொல்லி, பின்னால் தெரிகிற மாதிரி வாகனங்களைச் செய்யுங்கள் என்று மற்றப் பெற்றோரோடு சேர்ந்து கேட்டார். அமெரிக்க அரசாங்கத்தின் கணக்கில் அப்போது பின்னுக்கு வரும் வாகனங்களால் வருடத்துக்குச் சராசரியாக 210 பேர் இறந்தார்கள், 15,000 பேர் காயப்பட்டார்கள். இறந்தவர்களில் 31 வீதம் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள், 26 வீதம் 70 வயதும் அதற்கு மேலும். எங்கள் மனதில் தங்கியது இந்த இரண்டாவது எண். ஒழுங்கையில் மெதுவாக நடந்து வரும் மூத்தப்பா, மூத்தம்மாவையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

கமரனின் பெயரில் சட்டம் 2008இல் கையெழுத்தானது. விதிமுறையைக் கொண்டுவர 2011 வரை தவணை. அதைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். 2013இல் அந்த வாப்பாவும் வேறு சிலரும் அரசாங்கத்துக்கு எதிராக வழக்கே போட்டார்கள். 2014 மார்ச் 31ஆம் திகதி, வழக்கு எடுக்கப்பட இருந்ததற்கு முதல் நாள், விதிமுறை வந்தது. 2018 மே 1ஆம் திகதி முதல் அங்கே விற்பனைக்காகத் தயாரிக்கப்படும் புதிய கார், வேன் எல்லாவற்றிலும் பின்கெமரா கட்டாயம். மகன் இறந்து பதினைந்து வருடத்துக்கு மேல். இப்போது நம் ஊரில் ஓடும் புதிய கார்களில் பின்னால் பார்க்கும் திரை இருப்பதைக் காண்கிறோமே, அதற்குப் பின்னால் இப்படியும் ஒரு வாப்பா இருக்கிறார்.

லொறிகளின் கதை வேறு. இடது பக்கம் திரும்பும் லொறியின் உட்புறம் மாட்டுப்பட்டு சைக்கிள்காரர்கள் இறப்பது லண்டனில் பெரிய பிரச்சினை. அவர்களும் நம்மைப் போல் வீதியின் இடது பக்கம் ஓடுகிறவர்கள். முதலில் எல்லோரும் கண்ணாடிக்கு மேல் கண்ணாடி பூட்டினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் பழைய லொறிகளுக்கும் 2009 மார்ச்சுக்குள் கூடுதல் கண்ணாடி பூட்டச் சொன்னது. சாரதிக்கு ஒரே நேரத்தில் ஐந்தாறு கண்ணாடி பார்க்க வேண்டியதாயிற்று. ஒன்றைப் பார்க்கும் நேரத்தில் மற்றதில் ஒருவன் வந்துவிடுவான். பிறகு லண்டன் வேறு வழியில் போனது. சாரதி தன் ஆசனத்தில் இருந்தபடி வெறும் கண்ணால் எவ்வளவு காணலாம் என்று லொறிகளை அளந்து பூச்சியத்திலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் கொடுத்தார்கள். 12 தொன்னுக்கு மேற்பட்ட லொறிகளுக்கு 2021 மார்ச் முதல் இதை அமுல்படுத்தினார்கள். 2024 ஒக்டோபர் முதல் மூன்று நட்சத்திரம் வேண்டும், இல்லையென்றால் சென்சர், கெமரா போன்றவற்றைப் பூட்ட வேண்டும். நம் பிரதான வீதியில் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் இடையில் மோட்டார் சைக்கிளைச் செருகும் தம்பிமார் இதைக் கொஞ்சம் யோசியுங்கள். பஸ் சாரதியின் முகம் அவருடைய கண்ணாடியில் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கு உங்களையும் தெரியாது.

இவ்வளவும் வாசித்த பிறகு போன சனிக்கிழமை காலை அந்தத் தம்பியையே வேனோடு பாடசாலைக்கு வரச் சொன்னோம். வந்தார். சின்னக் கதிரை ஒன்றை வேனுக்குப் பின்னால் வைத்து, மேலே புத்தகப் பையை அடுக்கி, தரம் 2 பிள்ளையின் உயரத்துக்குக் கொண்டுவந்தோம். ஒவ்வொருவராகச் சாரதி ஆசனத்தில் ஏறி இருந்து பார்த்தோம். பின் ஆசனத்தின் மேற்பகுதியும் ஸ்டிக்கரும் தெரிந்தன. கதிரை தெரியவில்லை. நகர்த்தி நகர்த்தி ஒன்பது எட்டுத் தள்ளி வைத்த பிறகுதான் பையின் மேல்நுனி தெரிந்தது. பையை எடுத்துவிட்டு, குனிந்த பிள்ளையின் உயரத்துக்குக் கதிரையை மட்டும் வைத்தோம். எதிர் மதில் வரைக்கும் தெரியவில்லை. எங்கள் அதிபரும் ஏறிப் பார்த்தார். இறங்கி வந்து கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

இன்னொன்றையும் கண்டோம். ஜப்பானிலிருந்து வரும் இப்படியான வேன்கள் பலவற்றில் பின்கதவின் மேல் ஓரத்தில், கீழே பார்க்கிற மாதிரி சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கும். உள்கண்ணாடி வழியாக அதைப் பார்த்தால் பம்பருக்கு நேர் கீழே நிலம் தெரியும். இந்த வேனில் அதன் ஆணி ஓட்டை மட்டும் இருந்தது. வாங்கும்போதே இல்லை என்றார். ஊரில் வேறு வேன்களையும் போய்ப் பார்த்தோம். சிலவற்றில் இருக்கிறது, ஆனால் பின்கண்ணாடி முழுக்க ஸ்டிக்கர்.

இப்போது எங்கள் பதில். கேட் கடமைக்கு அன்று இரண்டு பேர் நின்றோம். ஒருவர் கேட்டுக்கு உள்ளே. மற்றவர் வெளியே, வேனுக்குப் பின்பக்கமாக, நெரிசலைக் குறைப்பதற்காக "எடுங்க, எடுங்க" என்று கை காட்டிக்கொண்டு நின்றோம். வீதியால் வந்த மோட்டார் சைக்கிளைப் பார்க்கத் திரும்பிய நேரத்தில் பிள்ளை குனிந்தது. வேனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று காணக்கூடிய இடத்தில் நின்றது சாரதி இல்லை, நாங்கள். "நிறுத்து" என்று ஒரு சத்தம் போடவும் எங்களால் முடிந்திருக்கும். இதைப் பிள்ளையின் வாப்பாவிடமும் உம்மாவிடமும் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டோம். பொலிஸில் வாக்குமூலம் கேட்டபோதும் இதையே சொன்னோம். சாரதியை மட்டும் ஏசிக்கொண்டிருப்பவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஷாபிஈ கருத்து அன்று எங்களுக்குப் பாரமாக இருந்தது. இப்போது அதுதான் வேலைக்கு உதவுகிறது. எல்லோரும் பொறுப்பு என்றால் எல்லோரையும் கூப்பிட்டு இருத்திப் பேசலாம் அல்லவா. வேன் உரிமையாளர்கள், பெற்றார், பள்ளிவாசல் நிருவாகத்தினர், நாங்கள் எல்லோரும் செவ்வாய்க்கிழமை இருந்து பேசினோம்.

கேட்டடியில் இனி எந்த வேனும் பின்னுக்கு எடுக்கக்கூடாது. மைதானத்துப் பக்க ஒழுங்கையால் வந்து, பிரதான வீதிப் பக்கமாக வெளியேற வேண்டும். வேன்கள் வந்து நின்று எஞ்சின் நிறுத்திய பிறகுதான் கேட் திறப்போம். வேறு வழியில்லாமல் பின்னுக்கு எடுக்க நேர்ந்தால், ஒருவர் இறங்கிப் பின்னால், சாரதியின் வலது கண்ணாடியில் முழுதாகத் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். அந்த ஆள் கண்ணாடியை விட்டு மறைந்தால் உடனே பிரேக். பின்னால் நிற்பவருக்கு வேறு வேலை கிடையாது. போக்குவரத்தைப் பார்ப்பதும் அவர் இல்லை, போனைப் பார்ப்பதும் இல்லை. கடமைப் பட்டியலை அதற்கேற்ப மூன்று பேராக மாற்றியிருக்கிறோம். பின்கண்ணாடி ஸ்டிக்கர்களை உரிக்க வேன்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் கெமரா பூட்டப் போவதாகச் சொன்னார்கள், செலவு தாங்காதவர்களுக்குப் பழைய மாணவர் சங்கத்தில் கேட்டுப் பார்க்கிறோம். சாரதி ஆசனத்தில் ஏறிப் பார்க்கும் பரிசோதனையைத் தரம் 5 வரையுள்ள எல்லா வகுப்புக்கும் செய்யப் போகிறோம். பிள்ளைகளுக்கு "வேனுக்குப் பின்னால் போகாதே" என்று நூறு தரம் சொல்வதைவிட, தங்கள் கூட்டாளி மறைந்து போவதை அங்கிருந்து ஒரு தரம் பார்ப்பது நல்லது.

மைதானத்து ஒழுங்கை மிக ஒடுக்கம். பிள்ளைகளை ஏற்ற வரும் வாப்பாமார் இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் வேன் நேராகப் போக முடியாது, திரும்பவும் பின்னுக்குத்தான் எடுக்க வேண்டி வரும். ஆகவே திங்கட்கிழமையிலிருந்து பாடசாலை விடும் நேரத்தில் தயவுசெய்து ஒழுங்கைக்குள் நிறுத்த வேண்டாம். பள்ளிவாசல் முன் வளவைத் திறந்து தருவதாக நிருவாகத்தினர் சொல்லியிருக்கிறார்கள், ஜஸாகல்லாஹ் ஹைரா. அங்கே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள், இரண்டு நிமிடம்தான்.

அந்தத் தம்பி நேற்று வந்து காட்டினார். டவுனில் தேடி அந்தச் சின்னக் கண்ணாடி ஒன்றை வாங்கிப் பூட்டியிருக்கிறார். பழைய ஆணி ஓட்டைக்கு அது சரியாகவே பொருந்தியிருக்கிறது.

ஆசிரியர்கள் சார்பில்.
தெரிந்தவர்களுக்கு, முக்கியமாக வேன், லொறி வைத்திருப்பவர்களுக்குப் பகிருங்கள்.